பித்தப்பையில் கல்

கடைத் தராசைச் சோதிக்கும்போது, தட்டு காலியாக இருக்கையில் முள் நடுவில் நிற்கிறதா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். எடை அளவு ஆய்வாளராக முப்பத்து நான்கு வருடம் அதைப் பார்த்துத்தான் முத்திரை வைத்தேன். கால் கிராம் பொய்யைக்கூட விட்டதில்லை. என் பேச்சை நம்பலாமா என்று மருத்துவமனை விசாரணைக் குழுவிலுள்ள நீங்கள் யோசிப்பீர்கள். அதனால் இதை முன்னாலேயே சொல்லி வைக்கிறேன்.

என் மகள் தாயில்லாப் பெண். நூற்றுப் பதினெட்டுக் கிலோ இருந்தாள். ஒரு விசேஷத்தில் என் மைத்துனன் பந்தி முழுக்கக் கேட்கும்படி, "ஊர்த் தராசுக்கெல்லாம் நீங்க முத்திரை குத்துறீங்க மச்சான். உங்க பொண்ணை லாரி நிறுத்துற எடைமேடையிலதான் ஏத்தணும்" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். நான் பாதியில் இலையை மடித்துவிட்டு எழுந்தேன்.

இருபத்தொன்பதாவது வயதில், தன் சம்பளத்திலேயே எடையைக் குறைக்கும் அறுவை சிகிச்சையை அவள் செய்துகொண்டாள். இரைப்பையை முட்டை அளவுக்குச் சுருக்கி, குடலைக் கீழே வெட்டி அதோடு இணைத்தார்கள். வயிற்றில் ஐந்து சிறு தழும்புகள் மட்டும். சொந்தக்காரர்களிடம் பித்தப்பையில் கல் என்று சொன்னேன். வாயைக் கட்ட முடியாமல் வயிற்றை வெட்டிக்கொண்டாள் என்று நாலு பேர் பேசினால் அது அவளோடு போகாது. என் தகப்பனார் பெயர் வரைக்கும் போகும்.

ஒன்றரை வருடத்தில் அறுபத்தாறு கிலோவுக்கு வந்தாள். அரைக் கிண்ணம் சோற்றை அரை மணி நேரம் மெல்லுவாள். சாப்பாட்டோடு தண்ணீர் குடித்தால் எதுக்களிக்கும். ஒரு வாய் இனிப்பு உள்ளே போனால் நெஞ்சு படபடக்கும், வேர்த்துக் கொட்டும், கழிவறைக்கு ஓடிவிட்டு வந்து சுருண்டு படுப்பாள். சாப்பிடுவது உடம்பில் முழுசாக ஒட்டாது என்பதால் ஆயுள் முழுக்கச் சத்து மாத்திரை எடுக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள்.

நல்ல இடத்துச் சம்பந்தம் தானாக வந்தது. மாப்பிள்ளையிடம் மட்டுமாவது சொல்லிவிடுகிறேன் என்றாள். அவருக்குத் தெரிந்தால் அவர் அம்மாவுக்கும் தெரியும் என்றேன். புகுந்த வீட்டுக்குக் கிளம்பிய அன்று அவள் பெட்டியிலிருந்த நான்கு மாத்திரை டப்பாக்களையும் நானே எடுத்து வைத்துக்கொண்டேன். புதுப்பெண்ணின் அலமாரியில் மாத்திரையை வரிசையாகப் பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வரும். மாதாமாதம் நேரில் கொண்டுவந்து தருவதாக வாக்குக் கொடுத்தேன். மாதாமாதம் வாங்கினேன். பையில் போட்டுக்கொண்டும் போனேன். போகும்போதெல்லாம் சம்பந்தியம்மா கூடத்தில் இருந்தார்கள். அத்தனையும் பிரிக்காமல் என் மேசை இழுப்பறையில் இருக்கின்றன. வேண்டுமானால் வந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

சம்பந்தியம்மா அன்பானவர்கள். அன்பைக் கரண்டியால் அளக்கிறவர்கள். மருமகள் கொறிக்கிறாளே என்று இன்னும் ஒரு கரண்டி வைப்பார்கள். மறுத்தால் கேள்வி வருமென்று இவள் விழுங்கிவிட்டு, குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு வாந்தி எடுப்பாள். கல்யாணமாகி ஐந்தாவது மாதம் வாந்தி நிற்கவே இல்லை. அந்த வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். பேரன் என்றே முடிவு செய்துவிட்டார்கள். பரிசோதனையில் அப்படி ஒன்றும் இல்லை என்று தெரிந்த அன்று அவள் எனக்குப் போன் செய்தாள்.

"அப்பா, மூணு வாரமா தண்ணி கூட நிக்கல. சொல்லிடட்டுமாப்பா?"

"இத்தனை நாள் தாங்கிட்ட. இன்னும் கொஞ்சம் பல்லைக் கடிச்சுக்கோம்மா. இப்ப சொன்னா பொய் சொல்லிக் கட்டிக் கொடுத்தவன்னு என்னைத்தான் சொல்லுவாங்க."

சரிப்பா என்றாள். அவள் என்றுமே எதிர்த்துப் பேசியதில்லை.

மறுநாள் உங்கள் மருத்துவமனையில் சேர்த்தோம். பணியிலிருந்த பெண் டாக்டருக்கு முப்பது வயதிருக்கும். தழும்புகளைப் பார்த்து என்ன ஆபரேஷன் என்று கேட்டார். மகள் என்னைப் பார்த்தாள். பித்தப்பையில் கல் என்று நான் சொன்னேன். மாத்திரை ஏதாவது? ஒன்றுமில்லை என்றேன். உடம்பில் நீர் வற்றியிருக்கிறது என்று குளுக்கோஸ் ஏற்றினார்கள்.

ஸ்கேன் முடிந்ததும் அந்த டாக்டர் என்னைத் தனியாக வராந்தாவுக்கு அழைத்தார்.

"பித்தப்பை இருந்த இடத்துலயே இருக்கே ஐயா. சம்பந்தியம்மா உள்ளதான் இருக்காங்க. என்கிட்ட மட்டும் சொல்லுங்க, எதுவா இருந்தாலும்."

நல்ல பெண். கேட்ட விதத்தில் மரியாதை இருந்தது. ஆனால் நான் சொல்வதை அவர் கட்டில்காலில் தொங்கும் அட்டையில் எழுதித்தான் ஆக வேண்டும். சம்பந்தியம்மாவுக்கு எழுத்துக்கூட்டி எதையும் படித்துவிடும் பழக்கம். "கல்லை மட்டும் எடுத்தாங்கம்மா" என்றேன். அவர் உள்ளே வந்து அதையே அட்டையில் எழுதினார். பிறகு போய்விட்டார். குளுக்கோஸ் இறங்கிக்கொண்டிருந்தது.

மூன்றாம் நாள் அவள் கருவிழிகள் ஓரிடத்தில் நிற்கவில்லை. எழுந்து நின்றால் சரிந்தாள். என்னை யாரோ என்று கும்பிட்டாள். பெரிய டாக்டர் வந்து வேறு ஸ்கேன் எடுத்துப் பார்த்த பிறகுதான் வெட்டிய வயிறு தெரிந்தது. உடம்பில் பி-ஒன் என்ற சத்து சுத்தமாக இல்லை என்றும், அதை ஏற்றாமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றியதில் மூளை அடிபட்டுவிட்டது என்றும், முன்பே தெரிந்திருந்தால் ஓர் ஊசியில் தடுத்திருக்கலாம் என்றும் சொன்னார். அந்த இளம் டாக்டர் கவனக்குறைவாக இருந்தார் என்று அன்று மாலையே புகார் எழுதிக் கையெழுத்துப் போட்டவன் நான்தான். யாராவது ஒருவர் பொறுப்பேற்க வேண்டுமல்லவா.

இப்போது மகள் என் வீட்டில் இருக்கிறாள். கொண்டுவந்து விட்ட அன்று சம்பந்தியம்மா வாசற்படியிலேயே நின்று, "ஒரு வார்த்தை சொல்லியிருந்தா குழைய வடிச்சு நானே ஊட்டியிருப்பேனே சம்பந்தி" என்று அழுதார்கள். முடிந்த பிறகு எல்லோரும் இப்படித்தான் பேசுவார்கள்.

அந்த டாக்டரை வேலையிலிருந்து நீக்கப் போவதாகச் சொன்னீர்கள். வேண்டாம். அவர் கேட்டார், நான் மறைத்தேன். மாத்திரையை நிறுத்தியதும் நான். தெரிந்தே செய்தேன். அதற்கு மேல் என்னிடம் சொல்ல ஒன்றுமில்லை.

பத்து நிமிடத்துக்கு முன் சாப்பிட்டது மகளுக்கு நினைவில்லை. கல்யாணமானதே நினைவில்லை. ஆனால் சென்ற வாரம் உங்கள் குழுவிலிருந்து வந்த அம்மையார் வயிற்றுத் தழும்பைக் காட்டிக் கேட்டபோது, துளிகூடத் தடுமாறாமல் பதில் சொன்னாள். "பித்தப்பையில கல்லு. எடுத்துட்டாங்க. அப்பா கூடவே இருந்தாங்க."

என் வாக்குமூலத்தில் எதை நீங்கள் நம்பாவிட்டாலும் பரவாயில்லை, அவளையே கேட்டுக்கொள்ளுங்கள். என் வளர்ப்பு அப்படி. என் மகளுக்குப் பொய் சொல்லத் தெரியாது.