லிட்டருக்குப் பதினைந்தரை

இந்த நாற்காலியின் ஒரு கால் குட்டை. நீங்கள் எழுதி முடித்ததும் ஒரு அட்டையை மடித்துத் தாருங்கள் ஐயா, சரிசெய்துவிடுகிறேன். ஆடுகிற எதையும் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க எனக்கு வராது.

என் தங்கையின் கணவர் வேன் ஓட்டுகிறவர். என் பட்டறைக்கு வந்தால் ஒரு கையில் டீயும் வாய் நிறையக் கிண்டலுமாக நிற்பார். அவருடைய வேன் லிட்டருக்குப் பதினாலு கிலோமீட்டர் கொடுத்தது. அதைப் பதினைந்தரை ஆக்கிக் காட்டுகிறேன் என்றேன். விஷயம் எளிதுதான். பெட்ரோலும் காற்றும் சேர்ந்த கலவையை பிஸ்டன் எவ்வளவு நெருக்குகிறதோ, எரியும்போது அது அவ்வளவு வலுவாகத் திருப்பித் தள்ளும். அவர் வண்டி எட்டில் ஒரு பங்காக நெருக்கியது. சிலிண்டரின் மூடியை நாங்கள் ஹெட் என்போம். அதன் அடியைச் சீவி, மேடு வைத்த பிஸ்டனைப் போட்டால் பன்னிரண்டில் ஒரு பங்கு. அதே பெட்ரோலில் கூடுதல் இழுவை, கூடுதல் தூரம்.

பட்டறை ஆட்கள் எல்லோர் முன்னாலும் அவர் சொன்னார்: "மச்சான் ஹெட்டைச் சீவுறாராம். முதல்ல அவரு தலையைச் சீவிட்டு வரட்டும்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். பதினைந்தரை வந்தால் அதே ஆட்கள் முன்னால் 'மச்சான் சொன்னதுதான் சரி' என்று அவர் சொல்ல வேண்டும். அதுதான் பந்தயம்.

அந்த அளவுக்கு நெருக்கினால் சாதாரண பெட்ரோல் தாங்காது. முறைப்படி எரியாமல் தன்பாட்டுக்கு வெடிக்கும். மெல்லிய சத்தமாகத் தட்டும். அதைக் கேட்டதும் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுக்காவிட்டால் பிஸ்டன் உருகி எஞ்சின் இறுகிவிடும். உசத்திப் பெட்ரோல் ஊற்றினால் இந்த வம்பே இல்லை. ஊற்றினால் மாப்பிள்ளை என்ன சொல்வார்? ஜெயித்தது பெட்ரோல், மச்சான் இல்லை என்பார். அதனால் ஊற்றவில்லை. இன்னொன்றும் எனக்குத் தெரியும். வருஷக்கணக்காக வண்டி இரைச்சலிலேயே கிடந்ததால் மெல்லிய சத்தம் எதுவும் அவர் காதில் விழாது.

காலியான டேங்கில் பத்து லிட்டர் அளந்து ஊற்றினோம். தங்கை அவர் பக்கத்தில் ஏறிக்கொண்டாள். நான் பைக்கில் பின்னாலேயே போனேன். மலைப்பாதை தொடங்கும் இடத்தில் வேன் நின்றது. அவள் இறங்கி என்னிடம் வந்தாள்.

"அண்ணா, டப்பாக்குள்ள கோலிகுண்டு உருட்டுற மாதிரி ஒரு சத்தம் வருது. இவருக்குக் கேக்கவே இல்லையாம்."

"அது நல்ல சத்தம்மா. எஞ்சின் சந்தோஷமா இருக்கு. நிறுத்தாம போகச் சொல்லு."

"நிஜமாவா?"

"உங்கிட்ட நான் எப்பவாவது பொய் சொல்லியிருக்கேனா?"

அதுவரை சொன்னதில்லை. நம்பிப் போய் ஏறிக்கொண்டாள்.

மூன்றாவது வளைவில் எஞ்சின் இறுகியது. பின்சக்கரங்கள் பூட்டிக்கொண்டன. வேன் வழுக்கிப் பள்ளத்தில் சாய்ந்தது. நான் இறங்கி ஓடியபோது தங்கை வெளியே வந்திருந்தாள், ஒரு கை தொங்கியது. "அண்ணா, இவருக்கு மூச்சு இருக்கு, சீக்கிரம் வா" என்று கத்தினாள். எனக்கு நன்றாகவே கேட்டது. ஆனால் பெட்ரோல் குழாய் பிய்ந்து சொட்ட ஆரம்பித்திருந்தது. கீழே போகிற ஒவ்வொரு சொட்டும் என் கணக்கில்தான் கை வைக்கும். பைக்கிலிருந்து கேனையும் அளவுக் குவளையையும் எடுத்து வந்தேன்.

கால் மணி நேரம் ஆனதாக அவள் சொல்லியிருக்கிறாள். பன்னிரண்டு நிமிஷம்தான். மிச்சம் இரண்டு லிட்டர். ஓடியது நூற்று இருபத்தாறு கிலோமீட்டர். லிட்டருக்குப் பதினைந்தே முக்கால்.

அந்தச் சத்தத்தைக் கேட்டதும் நிறுத்தியிருந்தால் அவர் இன்று உயிரோடு இருப்பார். அளக்காமல் தூக்கியிருந்தாலும் பிழைத்திருப்பார் என்று டாக்டர் சொன்னாராம். இரண்டும் தெரிந்தேதான் செய்தேன். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். வேலை தெரியாதவன் என்று மட்டும் எழுதாதீர்கள்.

அளந்ததும் நேரே அவரிடம்தான் ஓடினேன். கண் திறந்திருந்தது. காதருகே குனிந்து, சத்தமாக, பதினைந்தே முக்கால் என்றேன். என்னையே பார்த்தார். உதடு அசைந்தது. "மச்சான்" என்றார். அதோடு மூச்சு நின்றுவிட்டது. பரவாயில்லை ஐயா, மீதி என்ன சொல்ல வந்தார் என்று எனக்குத் தெரியும்.