படலம் முடியும்வரை

சனிக்கிழமை மத்தியானங்களில் எங்கள் கட்டடத்தில் பம்பின் இரைச்சலைத் தவிர வேறு சத்தம் இருக்காது. அதனால்தான் முக்கியமான வேலைகளைச் சனிக்கிழமைக்கு வைத்துக்கொள்வேன்.

ஐயா, என் வாக்குமூலத்தை நீங்கள் எழுதி முடித்துவிட்டீர்கள். "நீங்க என்ன பண்ணியிருக்க முடியும்மா, உள்ள போயிருந்தா நீங்களும் விழுந்திருப்பீங்க" என்று தேற்றவும் செய்தீர்கள். ஆனால் அரைகுறையாக விட்ட வேலை எனக்குப் பிடிக்காது. மீதியையும் சொல்லிவிடுகிறேன்.

நான் செய்வது பேட்டரி. ஓர் அரிசி அளவுதான் இருக்கும். பச்சைக் குழந்தையின் நெஞ்சில், தோலுக்கு அடியில் வைக்கும் இதயக் கருவிக்கு அது சக்தி கொடுக்கும். மற்ற பேட்டரிகளுக்குள் திரவம் இருக்கும். ஒழுகினால் குழந்தைக்கு ஆபத்து. என்னுடையதில் திரவத்துக்குப் பதில் கண்ணாடி போன்ற ஒரு படலம், தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லியது. வெற்றிட அறைக்குள் நைட்ரஜன் ஊதா நிறத்தில் ஒளிர, ஒரு பீங்கான் வில்லையிலிருந்து அணு அணுவாக உதிர்ந்து படியும். காலையில் தொடங்கினால் சாயங்காலம் ஆகும். நடுவில் நின்றால் அந்த இடத்தில் ஒரு தையல் விழுந்துவிடும். பேட்டரிக்குள் இருக்கும் லித்தியம் அதைத் தேடிக் கண்டுபிடித்துப் புகுந்து பேட்டரியையே கெடுத்துவிடும். திடீரென்று மின்சாரம் போனால் வில்லையும் விரிசல் விட்டுவிடும். எங்களிடம் இருந்தது ஒரே வில்லை.

இயந்திரத்துக்குப் பின்னால் கண்ணாடிக் கதவு போட்ட சின்ன வாயு அறை. அங்கே ஆக்ஸிஜன் குறைந்தால் மணி அடிக்கும். அடித்தால் எல்லாம் தானாக நின்றுவிடும். ஒரு நைட்ரஜன் குழாயில் லேசான கசிவு. அதற்கெல்லாம் அடித்து அடித்து அந்த மணி என் படலங்களைப் பலமுறை பாழாக்கியிருக்கிறது. வெள்ளிக்கிழமை அதன் வயரைக் கழற்றினேன். மணி பழுது என்று உங்களிடம் சொன்னேன். பழுதில்லை, நல்ல மணிதான்.

யென் போ-ஷுன் என் ஜூனியர். எங்கள் வழக்கப்படி என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவான். வாய் ஓயாது. இயந்திரம் சமர்த்தாக ஓட வேண்டும் என்று அதன் தலையில் பச்சைப் பாக்கெட் சோளப்பொரி வைப்பது எங்கள் ஊர் ஷின்ச்சூவில் எல்லா ஆலையிலும் உண்டு. அதைப் பிரிக்கவே கூடாது. இவன் பசிக்கிறது என்று தின்றுவிட்டு மஞ்சள் பாக்கெட் வாங்கி வைத்தான். மஞ்சள் வைத்தால் இயந்திரம் மக்கர் பண்ணும் என்பார்கள்.

"பச்சை தீந்துபோச்சுக்கா. மெஷினுக்கு என்ன, கண்ணா தெரியுது?"

"அந்தப் பாக்கெட்டை உன் தலையில வைக்கணும்டா."

"வைங்க. நானாவது சமர்த்தா இருக்கேனான்னு பாப்போம்."

சிரித்துவிட்டேன். அவன்மேல் எனக்குக் கோபம் எதுவும் இல்லை, எழுதிக்கொள்ளுங்கள்.

சனிக்கிழமை மத்தியானத்துக்கு மேல் வாயு அழுத்தம் இறங்கத் தொடங்கியது. பின்னால் வாயு அறைக்குள் போய் அந்தக் குழாயின் நட்டை இறுக்கிவிட்டு வா என்று அவனை அனுப்பினேன்.

"கசியுதாக்கா? மணி அடிக்கலையே."

"அதான் அடிக்கலேல்ல. அப்புறம் என்ன பயம், போ."

"இதுக்கு ஒரு தட்டு அரிசி நூடுல்ஸ் வாங்கித் தரணும், சொல்லிட்டேன்."

நன்றாகவே இறுக்கினான். அழுத்தம் உடனே சீரானது. பிறகு ஷூ கயிற்றைக் கட்டுகிறவன்போல உட்கார்ந்தான். எழுந்திருக்கவில்லை. நைட்ரஜனுக்கு வாசனை கிடையாது, மூச்சுத் திணறுவதுகூடத் தெரியாது.

சிவப்புப் பொத்தான் என் வலது கைக்குப் பக்கத்திலேயே இருந்தது. அழுத்தினால் விசிறி ஓடி அந்த அறைக்குள் நல்ல காற்று வந்துவிடும். படலமும் நின்றுவிடும். கதவைத் திறந்தே பிடித்துக்கொண்டாலும் இயந்திரம் தானாக நின்றுவிடும், அதே கதைதான். வெற்றிட அறையின் சின்ன ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஊதா ஒளி ஆடாமல் அசையாமல் இருந்தது. அவ்வளவு நல்ல படலம் எனக்கு அதுவரை அமைந்ததில்லை. அதனால் எத்தனை குழந்தைகள் பிழைக்கும் என்று யோசித்தேன். ஒருவனை வைத்துக் கணக்குப் போட்டால் எப்படி?

முடிய அதிக நேரம் இல்லை. முடிந்ததும், வில்லை விரிசல் விடாதபடி மின்சாரத்தைப் படிப்படியாகக் குறைத்தேன். அதில் அவசரப்பட முடியாது. அப்புறம்தான் பொத்தானை அழுத்தினேன், ஆம்புலன்ஸுக்கும் போன் செய்தேன். படலத்தில் ஓர் ஊசித்துளைகூட இல்லை.

அவன் அம்மா ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "புள்ளைக்கு ரொம்ப வலிச்சிருக்குமா?" என்று கேட்டார். "இல்லீங்கம்மா, ஒரே நொடியில போயிட்டான்" என்றேன். அவர் அழுதார். எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை. இப்போதும் தோன்றவில்லை.

உங்களிடமும் அப்படித்தான் சொன்னேன். அதை மட்டும் திருத்திக்கொள்ளுங்கள். ஒரே நொடியில் போகவில்லை. கதவுவரை தவழ்ந்து வந்து, என்னைப் பார்த்துக் கண்ணாடியைத் தட்டினான். மெதுவாகத்தான் தட்டினான். இயந்திரம் அதிர்ந்தால் படலம் கெட்டுப்போகும் என்று அவனுக்கும் தெரியும் இல்லையா, ஐயா.