பூனைக்கு ஊத்தின கொழம்பு

இல்லீங்க டாக்டரய்யா, எலி மருந்தெல்லாம் அந்த வீட்டுல கெடையாதுங்க. சாக்கைப் பிரிச்சே காட்டறேன். மூக்கைப் பொத்திக்குங்க. பூனை நேத்துக் காலையிலதான் செத்துச்சு, அதுக்குள்ள நாத்தம் கொடலைப் புடுங்குது. ஈறைப் பாருங்க, சுண்ணாம்பாட்டம் வெளுத்துக் கெடக்கு. நாலு நாளா மூத்திரம் கருஞ்செவப்பாப் போச்சுங்க.

என்ன குடுத்தீங்கன்னா கேக்கறீங்க? என்னதான் குடுக்கலைன்னு கேளுங்க. நான் அம்சம், மிராசு வீட்டுல சமைக்கிறவ. இதைச் செல்லத்துக்கு வளக்கலீங்க. உச்சவரம்புச் சட்டத்துல நெலம் போயிடும்னு மிராசுக்கு ஏற்கெனவே தூக்கமில்லை. அதுல அறுவடைக் கூலி அரைப்படி கூட வேணும்னு சங்கத்தாளுங்க கொடி நட்டாங்களா, சோத்துல விஷம் வச்சிடுவானுங்கன்னு பயம் புடிச்சுக்கிச்சு. எது சமைச்சாலும் மொதல்ல பூனைக்கு. அது தின்னுட்டு அரைமணி உசுரோட இருந்தாத்தான் அவரு எலையில உக்காருவாரு.

சின்ன வெங்காயம் போட்ட மீன் கொழம்பு, பூண்டு ரசஞ்சோறு, காப்பி, திராட்சை போட்ட பாயசம். அவரு குடிக்கிற பிராந்திகூட ஒரு வாய். திங்க மாட்டேன்னு மொரண்டு புடிச்சா, பச்சப்புள்ளைக்கு மருந்து ஊத்தற சங்குல ஊத்தணும். நாந்தான் ஊத்தினேன்.

ஆங்? வெங்காயமும் பூண்டுமே அது ரத்தத்தைக் கெடுத்துடுமா? மனுசங்க திங்கறதுதானேங்க! காப்பியுமா? திராட்சையும் ஆவாதா? அடப்பாவி, அப்ப மூணு வாரமா நான் ஊத்தினதே விஷந்தானா.

இதைக் கேளுங்க. போன செவ்வாக்கெழமை அவரு எலைக்கிட்டயே வாந்தி எடுத்துச்சு. எழுந்து ஓடினாரு மனுசன். அப்புறம் வந்து, அந்தக் கொழம்பைக் கொட்டாதே, கொல்லையில ஆளுங்களுக்கு ஊத்து, எவனுக்கு என்ன ஆவுதுன்னு பாப்போம்னாரு. மனுச வாயில வர்ற பேச்சாங்க அது? ஆனா ஊத்தினேன். ஆறு பேரு தின்னாங்க. வெறகு பொளக்கிற அரசப்பன் ரெண்டாந்தரம் வாங்கித் தின்னுட்டு, நல்லாருக்குக்கான்னான். ஒருத்தருக்கும் தலைவலிகூட இல்லை.

நேத்து பூனை செத்ததும் போலீஸ் வந்து அரசப்பனை இழுத்துக்கிட்டுப் போச்சு. ஏன்னா, கொடி நட்டவன் அவன்தானே. அவன் தின்னும் சாவலையே, அப்ப மாத்து மருந்து தின்னுட்டு வந்திருக்கான்னு நியாயம் பேசறாரு மிராசு. த்தூ! அந்தாளு எச்சி எலையை எடுத்த கையை எத்தனை தரம் கழுவினாலும் அருவருப்பு போவலைங்க.

என்னை அனுப்பினதும் அவருதான். விஷம்னு மாட்டாஸ்பத்திரியில எழுதி வாங்கிட்டு வான்னாரு. நீங்க இப்பச் சொன்னீங்களே, வெங்காயம், பூண்டுன்னு, அதையே எழுதுங்க. சீட்டு அவரு கைக்குப் போவாது. நேரா ஸ்டேஷனுக்குத்தான் போறேன். வேலை போனாப் போவுது, நாத்து நட்டுப் பொழைச்சுக்கறேன்.

எழுதியாச்சா? ஒரு தரம் வாசிச்சுக் காட்டுங்கய்யா, எனக்குப் படிக்கத் தெரியாது. நேத்து போலீஸ்காரங்க எழுதினதையும் வாசிச்சுத்தான் காட்டினாங்க. அரசப்பன் கொழம்புல ஏதோ பொடி போட்டதை நான் கண்ணால பாத்தேன்னு. மிராசு பக்கத்துலயே நின்னாரு. முழுசாக் கேட்டுட்டுத்தாங்க பெருவெரலை நீட்டினேன்.