மூடினாலும் நிற்காத தண்ணீர்

"…மூடினாலும் வருதுங்க தம்பி. அதத்தான சொல்லிக்கிட்டு இருக்கறேன். குழாய மூடினா தண்ணி நிக்கோணுமா வேண்டாமா? உடுமலப்பேட்டைல நிக்குது. ஹூஸ்டன் பக்கம் கேட்டிங்கற ஊர்ல எங்கூட்டுல நிக்குது. இந்த ஏரிக்கு வந்தா மட்டும் நிக்க மாட்டீங்குது. இப்பத்தான், இந்தா, இந்தக் கையாலதான் இறுக்கி மூடிப்போட்டு உள்ள போனேன். சிங்குக்கு அடியில சர்ர்ருனு பீச்சிக்கிட்டே இருக்குது. அப்ப அது எங்கிருந்துங்க வருது?"

மரகதம் இதைக் கேட்டது பக்கத்து ட்ரெயிலரிலிருந்து இறங்கி வந்த பாலசுப்ரமணியனிடம். அவர் அரை டிராயரும் தோளில் துண்டுமாக நின்றார். தலை நிறைய ஷாம்பூ நுரை. ஒரு கண்ணை மூடியிருந்தார், அதற்குள் நுரை போயிருந்தது. பாதிக் குளியலில் திடீரென்று தண்ணீர் நின்றுபோய், என்ன ஆயிற்று என்று பார்க்க வெளியே வந்தவர். வண்டிக்குப் பின்னால் கட்டி இழுத்து வருகிற அந்தச் சின்ன வீட்டின் படியிலிருந்து இறங்கியதும் மாட்டிக்கொண்டார்.

"தலைக்குக் குளிக்கறீங்களாட்ட இருக்குது. குளிங்க, குளிங்க. நல்லதுதான். ஆனா இந்த ஊர்த் தண்ணிக்கு முடி நிக்காது, இப்பவே சொல்லிப்போட்டேன். எங்க வீட்டுக்காரர் மண்டையப் பாத்தீங்கன்னா தெரியும். இப்ப இங்க இல்ல, தூண்டில எடுத்துக்கிட்டு ஏரிக்குப் போயிட்டாரு. சுத்த சைவமுங்க. மீனப் புடிச்சு என்ன பண்ணுவீங்கன்னேன். பாத்துப்போட்டுத் திரும்ப விட்ருவேங்கறாரு. பாக்கறதுக்கா இத்தன தூரம்… என்னமோ சொல்ல வந்தேனே. ஆங், தண்ணி."

பாலசுப்ரமணியன் வாயைத் திறந்து மூடினார். கையை உயர்த்தித் தன் தலையைக் காட்டினார், பிறகு குழாயைக் காட்டினார்.

"அதேதானுங்க. எனக்கும் தலை சுத்துது."

அவர் ஊமை இல்லை. ஹூஸ்டனில் ஒரு கம்யூனிட்டி காலேஜில் கணக்கு நடத்துகிறவர். குரல்நாணில் முளைத்திருந்த சின்னக் கட்டியை எடுத்த டாக்டர், முணுமுணுப்புக்கூடக் கூடாது என்று கெடு வைத்திருந்தார். கெடு முடிந்தே சில நாட்கள் ஆகிவிட்டன. இனிப் பேசலாம் என்று டாக்டர் ஆபீஸிலிருந்து மெசேஜும் வந்தாயிற்று. அவர்தான் பேசவில்லை. ஸ்பிரிங் பிரேக் முடிந்தால் வகுப்பு தொடங்கிவிடும். வாயைத் திறந்து, உள்ளே ஒன்றும் இல்லாமல் வெறும் காற்று வந்தால் என்ன செய்வது? பேசிப் பார்க்காத வரைக்கும் குரல் பத்திரமாக இருப்பதாக நினைத்துக்கொள்ளலாம். "ஒரே ஒரு வார்த்தை, எதையாவது சொல்லுங்க" என்று மனைவி காமாக்ஷி நேற்று வழியெல்லாம் கெஞ்சிக்கொண்டே ட்ரக்கை ஓட்டினாள். அவர் ஜன்னலுக்கு வெளியே மாடுகளைப் பார்த்துக்கொண்டு வந்தார். யாரும் விசாரிக்க வராத இடம் என்றுதான் இந்த ஏரிக்கரை ட்ரெயிலர் பார்க்கையே தேர்ந்தெடுத்தார்கள். காமாக்ஷி இப்போது கடைக்குப் போயிருந்தாள்.

"நீங்க பேச வேண்டாமுங்க, சும்மா கேட்டுக்கிட்டு இருங்க. எனக்குப் பழக்கந்தான். வீட்டுல டேகேர் நடத்தறேன். அத்தனையும் ரெண்டு வயசுக்குக் கீழ. காலைல ஏழு மணிலருந்து நானேதான் கேட்டு நானேதான் பதில் சொல்லோணும். அதுல ஒரு குட்டி உங்களாட்டவேதான் முழிக்கும்… இந்த வண்டியப் பத்திச் சொல்றேன் கேளுங்க. என்னைய ஒரு வார்த்தை கேக்கல. ரிடையர் ஆன மறுவாரம் வாங்கியாந்து வாசல்ல நிறுத்திப்போட்டாரு. ரெண்டு பேரும் அமெரிக்கா பூராச் சுத்தலாம் மரகதம்ங்கறாரு. தீபக், எங்க பையன், டாலஸ்ல இருக்கறான். போன்ல சொல்றான், 'Amma, just get a hotel'னு. அவன் சொன்னதுல அது ஒண்ணுதான் உருப்படி. மொத நாள் குழாயத் தொறந்தேனுங்க. ரோஸ் கலர்ல வருது. ரோஸ்மில்க் மாதர. குளிர்ல பைப்பு வெடிக்காம இருக்க என்னமோ மருந்து ஊத்துவாங்களாமா. அத எனக்கு ஆரு சொன்னா? நான் அதுல அரிசி கழுவிப்போட்டேன். அப்புறம் இந்தக் கக்கூஸ் டேங்க்கு. அது நெறஞ்சிருச்சா இல்லையான்னு சொல்றதுக்குச் செவுத்துல ஒரு லைட்டு. எப்பப் பாத்தாலும் நெறஞ்சிருச்சுன்னே சொல்லுது. காலி பண்ணி, கழுவி, வந்து பாத்தா அப்பவும் நெறஞ்சிருச்சுங்குது. நாங்க ரெண்டே பேருங்க. அந்த லைட்டப் பாத்தாலே எனக்கு அவமானமா இருக்குது."

நுரை காதுக்குள் இறங்கியது. பாலசுப்ரமணியன் துண்டின் முனையால் துடைத்துக்கொண்டே, இரண்டு ட்ரெயிலர்களுக்கும் நடுவில் நின்ற இரும்புப் போஸ்ட்டை நோக்கி நகர்ந்தார். இடுப்பு உயரப் போஸ்ட். இந்தப் பக்கம் ஒரு முகம், அந்தப் பக்கம் ஒரு முகம். ஒவ்வொரு முகத்திலும் கரண்ட் எடுக்க ஒரு பெரிய பிளக் பாயின்ட், அதற்கு மேல் ஒரு பிரேக்கர் சுவிட்ச், காலடியில் ஒரு தண்ணீர்க் குழாய். மரகதத்தின் ட்ரெயிலரைப் பார்க்கிற முகம் அவளுக்கு, இவருடையதைப் பார்க்கிற முகம் இவருக்கு.

"அங்க எதுக்குப் போறீங்க? அதெல்லாம் நான் பாத்துப்போட்டேன். கரண்ட்டும் அப்படித்தானுங்க. ஹீட்டர் போட்டு, ரைஸ் குக்கர் போட்டு, கெட்டில்ல தண்ணி வெச்சா, பட்டுனு போயிருது. சரின்னு வெளிய வந்து, இந்தா, எங்க பக்கத்துல இருக்கற இந்தச் சுவிச்ச டப்புனு கீழ தள்ளி மேல தூக்குவேன். வராது. ஒடனே வராதுங்க. உள்ள போயி ஒக்காந்து நல்லா நாலு வார்த்தை திட்டுவேன். கொஞ்ச நேரத்துல தானா வந்துரும். காலைலருந்து மூணு தடவை இதேதான். எங்க வீட்டுக்காரர் நம்பவே இல்ல. மெஷினு கூட என் பேச்சக் கேக்குது, நீங்கதான் கேக்கறதில்லைன்னேன். கோவிச்சுக்கிட்டுத்தான் தூண்டிலத் தூக்கினாரு."

பாலசுப்ரமணியனின் மூடியிருந்த கண்ணும் திறந்துகொண்டது.

காலையிலிருந்து மூன்று தடவை அவர் வீட்டிலும் விளக்கு அணைந்து எரிந்தது. ஒவ்வொரு தடவையும் வெளியே வந்து தன் பக்கத்து முகத்தைப் பார்த்தார். ஒவ்வொரு தடவையும் பிரேக்கர் விழுந்து கிடந்தது. விளக்குதான் எரிகிறதே, இது ஏன் விழுந்து கிடக்கிறது என்று யோசித்துக்கொண்டே தூக்கிவிட்டுப் போனார்.

அவர் குனிந்து புல்லுக்குள் பார்த்தார். இரண்டு கறுப்பு வயர்கள், இரண்டு வெள்ளை ஹோஸ்கள், நேற்றைய மழையில் சேறு அப்பிக் கிடந்தன. விரலால் ஒரு வயரைத் தூக்கிப் பிடித்து, அது எங்கே போகிறது என்று நடந்து பார்த்தார். அவருடைய ட்ரெயிலரிலிருந்து புறப்பட்ட வயர் போஸ்ட்டைச் சுற்றிக்கொண்டு மரகதத்தின் பக்கத்து முகத்தில் ஏறியிருந்தது. மரகதத்தின் வயர் இவர் பக்கத்தில். ஹோஸ்களும் அப்படியே. அவள் குழாயை மூடினால் இவர் குளியல் நிற்கும். அவள் சிங்குக்கு அடியில் ஊற்றுகிற தண்ணீரை நிறுத்த வேண்டுமானால் இவர்தான் மூட வேண்டும். அவள் சுவிட்சைத் தட்டினால் இவருக்கு இருட்டு. இவர் தூக்கிவிட்டால் அவளுக்கு வெளிச்சம்.

அவர் மரகதத்தைப் பார்த்தார். வயரைத் தூக்கிக் காட்டினார். இரண்டு கைகளையும் குறுக்கே வைத்து மாற்றி மாற்றிக் காட்டினார்.

"யோகாங்களா? நானும் பண்ணோணும்னுதான் இருக்கறேன். முட்டி விடமாட்டீங்குது. ஹூஸ்டன்ல ஹில்கிராப்ட் நம்மூர்க் கடைல ஒரு எண்ணெய் விக்கறாங்க, அதத் தேய்ச்சா… இருங்க, இருங்க. அந்த வெள்ள டேப்பு எங்கயோ வெச்சேன். மரையில சுத்தினா ஒழுக்கு நிக்கும்னு யூடியூப்ல சொன்னான். சொன்னவன் தாடியப் பாத்தா நம்பலாமாட்ட இருந்துச்சு. தேடி எடுத்தாரேன். நீங்க போயிராதீங்க, நான் உள்ளருந்தே பேசறேன்."

அவள் உள்ளே போனாள். பேச்சு ஜன்னல் வழியாக வந்துகொண்டேயிருந்தது. பாலசுப்ரமணியன் சட்டென்று வேலையைத் தொடங்கினார். துண்டால் கைகளை நன்றாகத் துடைத்தார். இரண்டு பிரேக்கர்களையும் கீழே தள்ளினார்.

"போச்சு. பாத்தீங்களா? நான் ஒண்ணுமே தொடல. தன்னால போகுது. இத நான் ஆரு கிட்டச் சொல்ல?"

இரண்டு பிளக்கையும் பிடுங்கி, முகம் மாற்றிச் சொருகினார். மரகதத்தின் பிளக்கில் அடையாளத்துக்கு ஒரு சிவப்புத் துணி முடிச்சுப் போட்டிருந்தது. தன் பக்கத்துக் குழாயை மூடிவிட்டு, ஹோஸ்களைத் திருகிக் கழற்றி இடம் மாற்றினார். தன் குழாயைத் திறந்தார், அவள் குழாயை மூடியே விட்டார். பிரேக்கர்களைத் தூக்கினார். முன்தலை நுரை காய்ந்து தோலை இழுத்தது.

"வந்துருச்சு. நான் இன்னும் திட்டவே இல்ல, அதுக்குள்ள வந்துருச்சு… ஏனுங் தம்பி, தண்ணியும் நின்னுருச்சுங்க. டேப்பு கைலதான் இருக்குது, இன்னும் சுத்தவே இல்ல. பாத்தவொடனே நின்னுருச்சு."

முழங்கை வரை நனைந்த கையோடு, டேப்பைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மரகதம் படியில் இறங்கினாள். முகமெல்லாம் சிரிப்பு. போஸ்ட்டுக்குப் பக்கத்தில் வந்ததும் சிரிப்பு நின்றது.

"இதென்ன கூத்து? என்ற செவப்புத் துணி இந்தப் பக்கம் எப்படி வந்துச்சு? நேத்து மழைல நாந்தானுங்க சொருகினேன். அவரு வண்டிய ரிவர்ஸ் எடுக்கறேன்னு அக்கட்டால மரத்துல முட்டிக்கிட்டு இருந்தாரு. நீங்க வர்றதுக்கு முன்னாடியே. உங்க பக்கம் மரத்தடிங்கறதால நனையாம நிக்கலாம்னு அங்கயே நின்னு, அந்த மூஞ்சிலதான் சொருகினேன். வயரு, பைப்பு, ரெண்டையுமே. நல்லா ஞாபகம் இருக்குது. அப்பப் பாருங்க, ஆரோ மாத்திப்போட்டாங்க. அதுதான் காலைலருந்து இத்தன கெரகமும். இருங்க, மொதல்ல இருந்த மாதரயே திருப்பி மாட்டிர்றேன், அப்பத்தான் சரியாகும்."

பாலசுப்ரமணியன் தலையை ஆட்டினார். இரண்டு கைகளையும் விரித்துக் குறுக்கே நின்றார். அவள் அவரைச் சுற்றிக்கொண்டு வந்து குனிந்தாள். பிரேக்கர் மேலே இருந்தது. பிளக்கில் முழுக் கரண்ட். அவள் விரல்களிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. சிவப்புத் துணிக்கு அந்தக் கை ஒரு சாண் தூரத்தில் இருந்தது.

"தொடாதீங்க."

யார் பேசியது என்று அவரும்தான் திரும்பிப் பார்த்தார்.

"கையை எடுங்க, அக்கா. ஈரம். கரண்ட் இருக்கு."

அடியில் கொஞ்சம் மணல் உரசுவது போலிருந்தது. மற்றபடி அது அவருடைய குரல். கடைசி பெஞ்சுக்குக் கேட்கிற குரல். மரகதம் கையை இழுத்துக்கொண்டு நிமிர்ந்தாள். அவர் மறுபடியும் ஒரு தடவை சோதித்துப் பார்ப்பதைப் போல, மெதுவாகச் சொன்னார்.

"இது உங்க பக்கம். அது எங்க பக்கம். நேத்து நீங்க எங்க பக்கத்துல சொருகிட்டீங்க. பின்னால வந்த நாங்க மிச்சம் இருந்ததுல சொருகிட்டோம். அவ்ளோதான். நான்தான் இப்ப மாத்தினேன்."

மரகதம் போஸ்ட்டைப் பார்த்தாள், வயரைப் பார்த்தாள், அவர் தலையில் காய்ந்து வெள்ளையாகப் பொரிந்திருந்த நுரையைப் பார்த்தாள்.

"அப்ப காலைலருந்து உங்க தண்ணியத்தான் நான்…"

"ஆமா."

"கரண்ட்டும்."

"கரண்ட்டும்தான். உங்களோடதை நான் தூக்கிவிட்டேன்."

"இத மொதல்லயே வாயத் தொறந்து சொல்றதுக்கு என்னங்க தம்பி? பொம்பள ஒருத்தி தனியா கத்திக்கிட்டு இருக்கறேன், சினிமாப் பாக்கற மாதர நின்னுக்கிட்டு இருக்கறீங்க."

அதற்கு அவரால் பதில் சொல்ல முடிந்தது. வாயையும் திறந்தார். ஆனால் வந்தது வேறு.

"அது மட்டும் இல்லக்கா, இன்னொண்ணு இருக்கு. பிரேக்கர் ஏன் விழுதுன்னு கேட்டீங்க இல்ல? இது முப்பது ஆம்ப். உங்க ஹீட்டர் ஆயிரத்து ஐநூறு வாட். நூத்து இருபது வோல்ட்டால வகுத்தா பன்னண்டரை. கெட்டிலும் அதே பன்னண்டரை. ஆச்சா, இருபத்தஞ்சு. இதுக்கு மேல ரைஸ் குக்கர். அதை ஏழுன்னு வச்சுக்குங்க. இப்ப கூட்டுங்க. முப்பத்திரண்டு. கொஞ்ச நேரம் தாங்கும், அப்புறம் விழுந்துடும். விழணும். விழலைன்னாதான் ஆபத்து. சிங்குக்கு அடியில ஒழுகுது பாருங்க, அது வேற கணக்கு. அதுக்கு டேப் சுத்தறதுக்கு முன்னாடி மரையை முழுசாக் கழட்டித் துடைக்கணும், சுத்தறது எந்தத் திசைன்னு பார்க்கணும், ஏன்னா திசை தப்பினா இறுக்கும்போது அவிழ்ந்துடும்…"

வார்த்தைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. ஒவ்வொன்றும் ஒலித்தது. அவரால் நிறுத்த முடியவில்லை, நிறுத்த மனமும் இல்லை. டேங்க் லைட் ஏன் எப்போதும் நிறைந்துவிட்டதாகப் பொய் சொல்கிறது என்பதற்குப் போனார். அங்கிருந்து பாட்டரிக்குப் போனார். மரகதம் முதலில் "அப்படீங்களா" என்றாள். பிறகு "சரிங்க" என்றாள். பிறகு ஒரு காலைப் பின்னால் எடுத்து வைத்தாள்.

"தம்பி, குக்கர்ல சோறு… ஒரு நிமிஷம்…"

"போங்க, போங்க, நான் இங்கிருந்தே சொல்றேன்," என்றார் அவர்.

கதவு சாத்திக்கொண்டது. சற்றுப் பொறுத்து உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது. அவர் சாத்திய கதவுக்கு பாட்டரியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார்.

பின்னால் சரளைக் கற்களின்மேல் ட்ரக் வந்து நின்றது அவருக்குக் கேட்கவில்லை. திரும்பியபோதுதான் பார்த்தார். கண்ணாடி இறக்கியிருந்தது. காமாக்ஷி இன்ஜினை அணைத்துவிட்டு, ஸ்டீயரிங்கை இரண்டு கைகளாலும் பிடித்தபடி இறங்காமல் உட்கார்ந்திருந்தாள். எவ்வளவு நேரமாக இருக்கிறாள் என்று தெரியவில்லை.

"கடை திறந்திருந்துதா?" என்று கேட்டார்.

அவளால்தான் பேச முடியவில்லை. ஆமாம் என்று தலையை மட்டும் ஆட்டினாள்.