பாதிப் படிகம்

— வெல வேணாங்கய்யா. இது எப்ப ஒடஞ்சிதுன்னு மட்டும் சொல்லுங்க, போதும்.

— இது கல்லு பாக்குற கடைம்மா. பச்சையா செவப்பா, அசலா போலியான்னு கேப்பாங்க. எப்ப ஒடஞ்சுதுன்னு கேட்டுக்கிட்டு இதுவரைக்கும் ஒருத்தரும் வந்ததில்ல.

— ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஸ்டாண்டுல எறங்கி விசாரிச்சேன். ஏகாம்பரநாதன் கடைக்கு போ, மண்ணு ஒட்டிகினு வர்ற கல்ல பாத்தே அதும் பேரு சொல்லிடுவாருன்னாங்க.

— சொல்றவங்களுக்கு என்ன, சொல்லுவாங்க... சரி, குடு. எந்த ஊரு நீ?

— பென்னலூரு. எம்பேரு செங்கமலம். கெணறு வெட்டுற கன்னியப்பன் சம்சாரம்.

— கெணறு வெட்டுறவரா...

— இன்னாங்கய்யா?

— ஒண்ணுமில்ல. கண்ணாடியைத் தொடைக்கிறேன்... அவர் வரலியா?

— அவரு ஐப்பசியிலயே பூட்டாரு. வல்லத்துல ரகுபதின்னு ஒருத்தரு, பம்புசெட்டு வைக்க கெணத்த ஆழப்படுத்துனாரு. அங்கதான். பெரிய மழையில மண்ணு சரிஞ்சி மூடிகிச்சி.

— இந்தக் கல்லு...

— அன்னிக்கி ஒடம்புலேருந்து கழட்டுன துணிய மூட்டையா கட்டி பரண்ல போட்டுட்டாங்க. எட்டு மாசமா அத தொட மனசு வரல. போன வாரம்தான் பிரிச்சேன். இடுப்புத் துண்டு முடிச்சிக்குள்ள இது இருந்துது.

— படிகம்மா இது. ஜபமாலை கோக்குறாங்களே, அந்தக் கல்லு. பெரிசா ஒண்ணும் இல்ல. வீட்டுல சாமி படத்துகிட்ட வச்சிடு. வெயிலுக்கு முன்னாடி கிளம்பு.

— சரியா பாக்காமயே சொல்றீங்களே.

— பாத்துட்டேன்.

— எங்க பாத்தீங்க? திருப்பிகூட பாக்கல. கைல சூடு பட்டாப்ல நீட்டுறீங்க.

— வாயாடியா இருக்கியே நீ... சரி, இப்படி ஜன்னல் பக்கம் வா. இந்தப் பட்டையில வெரல வச்சித் தடவு. கோடு கோடா ஓடுது பாரு.

— ஆமா. குறுக்கால ஓடுது.

— படிகத்துக்கு அப்படித்தான் ஓடும். எப்பவும் ஆறு பட்டை, சீவின பென்சிலாட்டம் இருக்கும். இது அப்படி இல்ல, பலகையாட்டம் தட்டையா இருக்கு. ஒத்தையா வளர்ந்ததுன்னா இந்த உருவம் வராது. ரெண்டு கல்லு அடியில ஒட்டிப் பொறந்து மேல விரிஞ்சி வளர்ந்திருக்கு. ரெண்டு உள்ளங்கையையும் மணிக்கட்டுல சேர்த்து விரிச்சிப் பாரு, அந்த மாதிரி. நாப்பது வருஷத்துல நான் பாத்தது இது ஒண்ணுதான்.

— முழுசா இருந்தா வெல போவுமா?

— போகுமாவா... கல்லுக்காக இல்லாம உருவத்துக்காகவே வாங்குற ஆளுங்க மெட்ராஸ்ல இருக்காங்க. முழுசா இருந்திருந்தா நீ நாலு ஏக்கர் வாங்கலாம். ரெண்டா போச்சா, போச்சு. இப்ப இது வெறும் படிகம்.

— அது கெடக்கட்டும். எப்ப ஒடஞ்சிது?

— தேதி கிழமையெல்லாம் சொல்ல முடியாது. பழசா புதுசான்னு சொல்லலாம். மண்ணுல கிடந்த பட்டையெல்லாம் செம்மண் கறை ஏறியிருக்கு, நகத்தால சொரண்டினாலும் போகல. இந்த ஒடஞ்ச பக்கம் சுத்தமா இருக்கு, கறையே இல்ல. வெளிய எடுத்தப்புறம்தான் ஒடஞ்சிருக்கு.

— அன்னிக்கி காலையில அந்த துண்ட நான்தான் ஒதறி குடுத்தேன். முடிச்சே இல்ல. அப்ப அன்னிக்கிதான் எடுத்திருக்காரு.

— இருக்கலாம்.

— மேல மண்ணு வுழுந்து அமுக்கி ஒடஞ்சிருக்குமா?

— இல்லம்மா. இந்த ஓரத்துல பாரு, வெள்ளையா ஒரு புள்ளி, நசுங்கினாப்ல. உளியை வச்சி சுத்தியால ஒரே போடு. ஒட்டின எடம் பாத்துப் பொறுமையா ஒடச்சிருக்காங்க.

— வேணும்னேவா?

— வேணும்னேதான்... ஏம்மா, ஏன் அழுவுற? உக்காரு. அந்த ஸ்டூலை இழுத்துப் போட்டுக்க.

— சந்தோசம் தாங்கலைங்க... சந்தோசம்னு சொல்றதா, இன்னான்னு சொல்றதுன்னே தெரியல.

— தண்ணி குடி.

— அன்னிக்கி காலையில எனக்கும் அவருக்கும் சண்ட. கூழு புளிச்சிப் போச்சின்னு ஆரம்பிச்சாரு, நானும் வுடல. போய் எங்கனா செத்து ஒழியேன்னுட்டேன். வாய்ல வந்துடுச்சி. சாயங்காலம் கட்டில்ல போட்டு தூக்கினு வந்தாங்க.

— புருஷன் பொண்டாட்டி சண்டையில ஆயிரம் சொல்லுவாங்க.

— அத ஊரு சொல்லலியே. தனியா எறங்கிட்டான், சாவத்தான் எறங்குனான், பொண்டாட்டி வாயிதான் தள்ளிச்சின்னு பேசுச்சி. கெணறு வெட்டுறவன் மேல கயித்துக்கு ஆளு இல்லாம எறங்கவே மாட்டான். கயிறு புடிக்கிறவனும் உள்ளாற கீற ஆளு ஏர்ற வரைக்கும் எடத்த வுட்டு நவுர மாட்டான். தனியா எறங்குனாருன்னா அதுக்கு வேற அர்த்தமே இல்ல. என் பெரிய பொண்ணு எங்கிட்ட பேசி எட்டு மாசம் ஆவுது. கங்காவுக்கு பன்னெண்டு வயசு. நான் போடுற சோத்த வாங்கிகினு போய் தெருவுல குந்தி துன்னுது.

— அதுக்கும் இந்தக் கல்லுக்கும் என்னம்மா...

— கெணத்துல எது கெடச்சாலும் அங்கியே ரெண்டு பங்குங்கய்யா. உள்ளாற கீறவனுக்கு ஒண்ணு, கயிறு புடிக்கிறவனுக்கு ஒண்ணு. அப்பறம் வித்து பங்கு போட்டுக்கலாம்னு முழுசா வச்சிருந்தா கெணறு ஆள காவு கேக்கும்னு பயம். பழைய செம்பு கெடச்சாக்கூட வெட்டித்தான் எடுத்துக்குவாங்க. தனியா இருந்தவரு எதுக்கு ஒடைக்கப் போறாரு? சொல்லுங்க.

— ஓ... அதுக்காகத்தானா? எந்த மடையன்டா இதை ஒடச்சதுன்னு அவ்வளவு கேட்டேன், வாயே தெறக்கல அவன்.

— எவன்? ஐயா, எவன கேட்டீங்க?

— கல்லுக் கடைக்குன்னு ஒரு மொறை இருக்கும்மா. யார் கொண்டாந்தாங்கன்னு இன்னொருத்தர்கிட்ட சொல்றதில்ல.

— இன்னொரு பாதி இங்க வந்துது.

— ...வந்துது.

— எப்ப?

— ஐப்பசியில. அந்தப் பெரிய மழை புடிச்ச அன்னிக்கி. மத்தியானம்.

— யாருங்க கொண்டாந்தது?

— வேணாம்மா. உனக்கு வேண்டியது கிடைச்சிடுச்சி இல்ல? உன் புருஷன் சாகப் போகல, வேலைக்குத்தான் போயிருக்கார். மேல ஆளு வச்சிக்கிட்டுதான் எறங்கியிருக்கார். அதை உன் பொண்ணுகிட்ட சொல்லு. நானும் வந்து சொல்றேன். அதோட விடு.

— யாருன்னு சொன்னாதான் எழுந்திருப்பேன்.

— பேரு தெரியாது. சைக்கிள்ல வந்தான். முப்பது வயசு இருக்கும். இடது கையில... சுண்டு விரல் கிடையாது. தெரிஞ்ச ஆளா?

— பலராமன்.

— யாரும்மா அது?

— என் தம்பிங்க. கூடப் பொறந்தவன். எப்பவும் அவருக்கு கயிறு புடிக்கிறவன். அன்னிக்கி செம்பரம்பாக்கத்துல ஏரிக்கர வேலையில இருந்தேன்னு முன்சீப்பு முன்னால கற்பூரம் அணைச்சி சத்தியம் பண்ணான். நாங்களும் நம்புனோம். இப்ப எங்க வூட்டுக்கு அரிசி வாங்கிப் போடுறவன் அவன்தான். நேத்துகூட சொல்றான், யக்கா, அன்னிக்கி நீ அந்த வார்த்த சொல்லியிருக்கக் கூடாதுன்னு. நானும் தலைய குனிஞ்சிகினு கேட்டுகினு இருந்தேன்.

— பயந்துட்டிருப்பான்.

— எட்டு மாசமாவா பயம்? என் தலையில எறக்கி வச்சிட்டு அவன் நிம்மதியா தூங்குறானே... கல்லு கெடச்சா இன்னாங்க, மாமன் மேல ஏர்ற வரைக்கும் பொறுக்கக் கூடாதா? உள்ளாற ஒரு உசுரு கீதுன்னு நெனப்பே இல்லாம கயித்த போட்டுட்டு வெல கேக்க ஓடியாந்துட்டான் பாருங்க. அவன் கை வெளங்குமா?

— அவனை சபிக்காதம்மா.

— வேற யார சபிக்கிறது? மண்ணு சரிஞ்சது மூணு மணிக்கு, தூர வயல்ல இருந்தவங்களுக்கே சத்தம் கேட்டுது. ஒரு கொரலு குடுக்க, கயித்த இழுக்க, அங்க ஆளு இல்ல. மத்தியானமே இங்க வந்தவன் மூணு மணி வரைக்கும் இன்னா பண்ணிகினு இருந்தான்? பாத்தவரு நீங்கதான். சொல்லுங்க.

— வந்ததுமே சொன்னான்மா, மாமா கெணத்துல கீறாரு, வெலய சொல்லுங்க, ஒடனே ஓடணும்னு. ரெண்டு பாதியையும் ஒட்டி முழுசுன்னு வித்துடலாம்னு பேராசை எனக்கு, இன்னொரு பாதியும் எனக்குத்தான்னு வாக்குக் குடுன்னேன். அது மாமா பங்கு, நான் எப்படி சொல்றதுன்னு அழுதான். நான்தான் அவன் கல்லைப் பெட்டியில வச்சிப் பூட்டிக்கிட்டு, நாலு மணி வரைக்கும் அனுப்பல.