தோற்றவருக்கே இன்ஷூரன்ஸ்

ஈஜிபுராவில் பேருந்து ஏறியதும் காதில் இயர்போனை மாட்டப் போனேன். முன் இருக்கையில் அலுவலக அடையாள அட்டை தொங்க உட்கார்ந்திருந்த பெண், பக்கத்தில் இருந்த தோழியிடம் சொன்னார்:

"நேத்து எங்க அப்பாவுக்கும் மாமனாருக்கும் ஓட்டப்பந்தயம் வச்சோம்டீ. தோத்தவருக்குத்தான் இன்ஷூரன்ஸ்."

இயர்போன் பைக்குள் போய்விட்டது.

"என்னக்கா இது?"

"கம்பெனி பாலிசில இந்த வருஷம் ஒரு பெரியவரைத்தான் சேர்க்கலாமாம். இன்னொருத்தருக்கு வெளியில எடுக்கலாம்னா, பிரீமியம் வீட்டு வாடகையைத் தாண்டுது. அதான், எதிர் டீக்கடையை யார் முதல்ல தொடறாங்களோ அவர் நல்லா இருக்காரு, அவருக்கு பாலிசி வேணாம்னு முடிவு பண்ணோம்."

"யாருக்கா ஜெயிச்சது?"

"ஓடினாத்தானே! ரெண்டு பேரும் அரை மணி நேரம் கோட்டுலயே சும்மா நின்னாங்க. மாமனார் முட்டியைப் பிடிச்சாரு. உடனே எங்கப்பா நெஞ்சைப் பிடிச்சாரு."

"அய்யோ, நல்ல ஆளுங்க!"

"அப்புறம் பாத்தா, மாமனாருக்கு நிஜமாவே மூச்சு வாங்க ஆரம்பிச்சிடுச்சு. எங்கப்பா அவரை ஒரு தடவை திரும்பிப் பாத்தாரு. விறுவிறுன்னு போய்க் கடையைத் தொட்டு, 'நம்ம சம்பந்திக்கு ஒரு டீ போடுப்பா'ன்னாரு."

தோழி கேட்டார்: "அப்பாவுக்கு ஏதாவது ஆச்சுன்னா?"

"அவர்தான் ஜெயிச்சவராச்சே. இன்னைக்குக் காலைல இருமல் வந்துச்சு. செருப்பை மாட்டிக்கிட்டு தெருமுனை வரைக்கும் போய் இருமிட்டு வந்தாரு."