கும்பிட்டுத் தீராத வழக்கு

பிரிக்பீல்ட்ஸ் மக்களைத் தம் வீட்டு மக்களாய் எண்ணி இந்த அவையைக் கூட்டியிருக்கும் தலைவர் ஐயா பழனியப்பன் அவர்களே, வயதாலும் வாழ்வாலும் எனக்கு முன்னே நடந்த பெரியோர்களே, அடுப்பை அணைத்துவிட்டு அவசரமாய் வந்திருக்கும் தாய்மார்களே, இடமில்லாமல் வாசலோரம் நிற்கும் தம்பிமார்களே, வழக்கறிஞர் வசுந்தராவின் வணக்கம்.

கிள்ளான் நீதிமன்றத்தில் நான் கண்ட ஒரு காட்சியை உங்களிடம் கொண்டுவந்திருக்கிறேன். "எங்கள் பெயரைச் சொல்லியே பேசுங்கள்" என்று அனுமதி தந்த குடும்பம் இதோ முன்வரிசையில் அமர்ந்திருக்கிறது.

கம்போங் மேடான் அடுக்குமாடியில் கன்னையா ஐயாவை அறியாதவர் இல்லை. மோட்டார் நிறுத்துவதில் சண்டையா, மாடிப்படியில் வாய்த்தகராறா, எல்லாம் அவரிடம்தான் வரும். யார் மீது தப்பு என்று அவர் தோண்டமாட்டார். இளையவன் போய்க் கும்பிட வேண்டும், மூத்தவர் தோளில் தட்ட வேண்டும், அத்தோடு பகை தீர்ந்தது, பந்தியில் சேர்ந்து உட்காரலாம். நல்ல வழக்கம்தானே? நம் வீட்டுக்கு அது மருந்து. நீதிமன்றத்தில் அதுவே நஞ்சு.

அவர் மகன் கமலநாதன் லோரி ஓட்டுபவன். ஒரு கிடங்கில் காணாமற்போன கைப்பேசிப் பெட்டிகள் அவன் லோரியில் கிடந்தன. பிடித்தார்கள், தடுத்து வைத்தார்கள், திருட்டுக் குற்றம் சாட்டினார்கள். குடும்பம் யாரைத் தேடியது? ஒருவரையும் தேடவில்லை. உறவுக்குத் தெரிந்தால் மானம் போகும் என்று கதவைச் சாத்திக்கொண்டது. குற்றச்சாட்டு வாசிக்கும் நாளில் தந்தை மகனிடம் சொன்னது இதுதான்.

"ஒத்துக்கப்பா. கைய கூப்பி சாரின்னு சொல்லு. ஜட்ஜும் மனுஷன்தான லா. சாயங்காலம் வீட்டுக்குப் போயிடலாம்."

மகன் கைகூப்பினான். குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன் என்றான்.

தோளில் தட்ட அங்கே யார் இருந்தார்கள்? ஒப்புக்கொண்டால் விசாரணை இல்லை, சாட்சி இல்லை, எஞ்சியிருப்பது தண்டனை ஒன்றே. உழைத்து உண்ட கைக்கு ஊரறிந்த கறை.

இலவசச் சட்ட உதவிக்காக அன்று அங்கே இருந்தவள் நான். தண்டனைக்கு முன் அவனுக்காக இரண்டு வார்த்தை பேசும் பொறுப்பு எனக்கு வந்தது. அருகே போய், "என்ன தம்பி நடந்துச்சு?" என்றேன்.

"நான் எடுக்கல மேடம்."

"அப்புறம் ஏன் ஒத்துக்கிட்ட?"

"அப்பா சொன்னாரு."

தண்டனை இன்னும் விதிக்கப்படவில்லை. ஒப்புதலை மீட்டுக்கொள்ள அனுமதி கேட்டேன். மாஜிஸ்திரேட் அவனிடமே கேட்டுத் தெளிந்து, அனுமதித்தார். தாழ்வாரத்தில் கன்னையா ஐயா சீறினார். "முடிய வேண்டியத ஏம்மா இழுக்கிறீங்க?"

இழுத்தேன் ஐயா. இழுக்காமல் விட்டிருந்தால் உங்கள் மகனைச் சிறை இழுத்திருக்கும்.

பின்னாலிருந்து ஓர் அண்ணன் கேட்கிறார், "வசதி இல்லாதவன் லாயருக்கு எங்க போவான் மேடம்?" கேட்க வேண்டிய கேள்வி. அவனுக்காகத்தானே இலவசச் சட்ட உதவி இருக்கிறது. கைதானவுடன், வழக்கறிஞரோடு பேச வேண்டும் என்று கேளுங்கள். அது சலுகை அன்று, உரிமை. திருவிழா நன்கொடைக்கு வீடு வீடாய் ஏறி இறங்கும்போது வராத கூச்சம், பெற்ற பிள்ளைக்காகக் கேட்கும்போது மட்டும் ஏன் வருகிறது? சிரிக்கிறீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, அந்தக் கூச்சத்தால் உள்ளே போனவர்களைப் பார்த்தவள் நான்.

வழக்கு நடந்தது. கிடங்கின் காமிராப் பதிவு வந்தது. பெட்டிகளை லோரியில் ஏற்றியவன் வேறொருவன் என்று தெளிவானது. கமலநாதன் விடுதலையானான்.

தாய் மாரியாயி மகனைக் கட்டிக்கொண்டு அழுதார். கன்னையா ஐயா, "வாப்பா, வீட்டுக்குப் போலாம்" என்றார். மகன் நகரவில்லை.

"வரேன்ப்பா. என்னைய ஒத்துக்கச் சொன்னீங்களே, நீ எடுத்தியாடான்னு ஒரு வார்த்த கேட்டீங்களா?"

"ஊருக்கே தீர்ப்புச் சொன்னேன், பெத்த பிள்ளைய ஒரு வார்த்த கேக்கலம்மா" என்று கன்னையா ஐயாவே பிறகு என்னிடம் சொன்னார். அதை இந்த மேடையில் சொல்லச் சொன்னவரும் அவர்தான்.

பெற்றவர்களே, பிள்ளை எடுத்திருந்தாலும் அவனுக்கு வழக்கறிஞர் வேண்டும், எடுக்காதிருந்தாலும் வேண்டும். ஆனால் அவனை நோக்கி முதல் கேள்வி ஓர் அந்நியரிடமிருந்து வரக்கூடாது. அது உங்களிடமிருந்து வரட்டும்.

பொறுமையோடு செவிகொடுத்த அவைக்கும், தன் காயத்தை நமக்காகத் திறந்து காட்டிய அந்தக் குடும்பத்துக்கும் தலைதாழ்ந்த நன்றி. வணக்கம்.